படம் ஷார்ப்பா வரவே மாட்டேங்குது, லென்ஸ் மாத்தணுமா?

புதுக்கண்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டுப் போறவன், இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன்.

டிஎஸ்எல்ஆர் வாங்கி எட்டு மாசம் ஆச்சு. 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சிங்கிற சின்ன ரக சென்சார். கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 70-300 ஜூம், போன மாசம் சேர்த்த 50 மி.மீ. எஃப் 1.8. இவ்வளவுதான் கையில இருக்கு. கேமராவோட பின்பக்கத் திரையில பாத்தா படம் பளிச்சுனு இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாக்கினா மனசு விட்டுப்போகுது. எல்லாத்து மேலயும் ஈரத்துணி போர்த்தின மாதிரி ஒரு மங்கல்.

மூணு படம் இணைச்சிருக்கேன். ஒண்ணு அக்கா பொண்ணு ஊஞ்சலாடுறது, கிட் லென்ஸ்ல எடுத்தது. ரெண்டாவது மீன்கொத்தி, 70-300. மூணாவது பாட்டியோட முகம், 50.

கூட வேலை பாக்குறவர் "கிட் லென்ஸை வச்சுக்கிட்டு வேற என்ன எதிர்பாக்குற"ன்னு சிரிக்கிறார். மாத்திடட்டுமா? மாத்தினா எது?

பிக்சல்பித்தன்:
யோசிக்கவே வேணாம் ப்ரோ. கிட் லென்ஸ்னா கிட் லென்ஸ்தான். 24 மெகாபிக்சலுக்கு அதால தீனி போட முடியாது. எஃப் 2.8 ஜூம் ஒண்ணு எடுங்க, மாட்டின அன்னிக்கே வித்தியாசம் தெரியும்.

நிழல்தேடி:
கொஞ்சம் பொறுங்க பித்தன். மூணு வேற வேற லென்ஸ், மூணு படமும் மங்கல். மூணு லென்ஸும் சொல்லி வச்ச மாதிரி ஒண்ணா சொத்தையாகுமா?

புதுக்கண், இங்க ஏத்தும்போது படம் சுருங்கிடுது, அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. படத்தோட கேமரா பதிஞ்சு வைக்கிற எக்ஸிஃப் விவரத்தைப் போடுங்க: ஷட்டர் ஸ்பீடு (எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சு), அபெர்ச்சர் (லென்ஸ் துளை, எஃப் எண் ஏறினா துளை சின்னது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுது), எத்தனை மி.மீ., ஃபோகஸ் புள்ளியை எங்க வச்சீங்க. கூடவே இன்னொரு வேலையும் செய்யுங்க. ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதத்துக்குப் பெருசாக்கி, மூலை முடுக்கு விடாம தேடி, எங்கயாவது ஒரு இடமாவது ஷார்ப்பா இருக்கான்னு பாருங்க. ஒரு புல்லோ ஒரு ஆணியோ, எதுவா இருந்தாலும் சரி.

புதுக்கண்:
பாத்தேன் அண்ணா.

ஊஞ்சல்: 55 மி.மீ., 1/60, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, ஆட்டோ மோட். சாயங்காலம், மர நிழல். புள்ளையோட முகம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கு. ஆனா ஊஞ்சல் கட்டியிருக்கிற கிளையில பட்டை வரி வரியா தெரியுது! இதை நான் இதுவரைக்கும் கவனிச்சதே இல்ல.

மீன்கொத்தி: 300 மி.மீ., 1/200, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200, இதுவும் ஆட்டோ. எங்க தேடியும் ஷார்ப் இல்ல. பறவை, கொம்பு, இலை எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது.

பாட்டி: 50 மி.மீ., 1/500, எஃப் 1.8, ஐஎஸ்ஓ 100. ஒரு மீட்டர் தூரத்துல இருந்தாங்க. நடுப் புள்ளியைக் கண்ணுல வச்சுப் பட்டனைப் பாதி அமுக்கி, அப்படியே கேமராவைத் திருப்பி முகத்தை ஓரத்துக்குக் கொண்டுவந்து எடுத்தேன். கண்ணு மங்கல். காது மடலும் அதுக்குப் பின்னாடி இருக்கிற நரைமுடியும் எண்ணலாம் போல இருக்கு.

நிழல்தேடி:
நீங்களே பாதி கண்டுபிடிச்சிட்டீங்க. மூணு படத்துலயும் மூணு தனித்தனி கோளாறு. எதுக்கும் லென்ஸ் மாத்த வேண்டியதில்ல.

மீன்கொத்தியில இருந்து ஆரம்பிக்கிறேன். எல்லாமே ஒரே திசையில ரெண்டு ரெண்டா தெரிஞ்சா ஆடினது கேமரா. பறவையோட கண்ணுல மினுங்குற ஒளிப்பொட்டைப் பெருசாக்கிப் பாருங்க, சின்ன கோடா இருக்கும். அது உங்க கை போட்ட கோடு. (அதே பொட்டு வட்டத் தட்டு மாதிரி உப்பியிருந்தா ஃபோகஸ் தவறியிருக்குன்னு அர்த்தம். இந்த ஒரு பொட்டை வச்சே பாதிப் படங்களுக்குத் தீர்ப்பு சொல்லிடலாம்.) கையில பிடிச்சு எடுத்தா ஷட்டர் ஸ்பீடு ஃபோக்கல் லெங்த்துக்கு, அதாவது அந்த மி.மீ. எண்ணுக்குக் குறையக் கூடாதுங்கிறது பழைய கணக்கு. உங்க சென்சார் சின்னதுங்கிறதால அதை 1.5ஆல பெருக்கணும். 300 பெருக்கல் 1.5, 450. அப்ப குறைஞ்சது 1/500. நீங்க எடுத்தது 1/200. அந்தக் கணக்கும் ஃபிலிம் காலத்துது. 24 மெகாபிக்சலை 100 சதவீதத்துல உத்துப் பாக்கிற ஆளுக்கு 1/1000 இருந்தாத்தான் நிம்மதி.

ஒரு சந்தேகம். அந்த 70-300ல ஆட்டம் தாங்குற வசதி, ஸ்டெபிலைசர், இருக்குமே? அது ஆன்ல இருந்திருந்தா 1/200ல இவ்வளவு மோசமா வராது. பக்கவாட்டுல இருக்கிற சுவிட்சைப் பாருங்க.

ஊஞ்சல் படத்துல கேமரா ஆடவே இல்ல. ஆடியிருந்தா பட்டை வரி தெரியுமா? ஆடினது புள்ளை. அரை மீட்டர் உயரத்துல இருந்து இறங்குற ஊஞ்சல் கீழ்ப்புள்ளியில நொடிக்கு மூணு மீட்டர் வேகத்துல போகும். 1/60 நொடியில அஞ்சு செ.மீ. முகம் அஞ்சு செ.மீ. நகர்ந்தா எந்த லென்ஸும் எந்த ஸ்டெபிலைசரும் காப்பாத்தாது. 1/500 வச்சா அதே நகர்வு ஆறு மி.மீ. ஆயிடும்.

ஆனா ஊஞ்சல்ல ஒரு சலுகை இருக்கு. மேல போய் திரும்புற இடத்துல அது ஒரு கணம் நிக்கும். அங்க அமுக்கினா 1/125லயே முகம் நிக்கும், முடி மட்டும் பறக்கும். ரெண்டு மூணு ஆட்டம் சும்மா பாத்துத் தாளத்தைப் பிடிச்சுக்கிட்டு, திரும்புறதுக்கு ஒரு இமை முன்னாடி அமுக்குங்க.

பாட்டி படத்துக்கு ஒளிவட்டம் அக்கா வந்து கணக்கோட சொல்லுவாங்க. எனக்கு கொசைன் வராது.

இருட்டறை:
தம்பி நிழல்தேடி சொன்னது அத்தனையும் சரி. அசைவது மறையும் என்பது இந்தக் கலை பிறந்த நாளிலிருந்தே இருக்கும் சங்கதி. 1838ல் டாகர் பாரிஸ் நகரத்துச் சாலை ஒன்றைப் படம் எடுத்தார். பகல் நேரம், வண்டியும் மனிதரும் நிறைந்த சாலை. தட்டில் பதிந்ததோ வெறிச்சோடிய தெரு. பல நிமிடம் திறந்திருந்த கண்ணுக்கு நடந்தவர் யாரும் தெரியவில்லை. பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். உமது ஊஞ்சல் குழந்தைக்கு நடந்ததும் அதுதான்.

பிடிக்கும் விதத்தையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளும். இடது கை லென்ஸுக்கு மேலே போகக்கூடாது. கீழிருந்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். முழங்கைகள் விலாவில் ஒட்டியிருக்கட்டும். மூச்சைப் பிடித்து நிறுத்தினால் உடம்பு நடுங்கும், பாதி விட்ட நிலையில் எடுக்க வேண்டும். பட்டனைக் குத்தக்கூடாது, விரலை அதன் மேல் உருட்டினால் போதும். தொடர்ச்சியாக மூன்று எடுத்தால் அமுக்குவதும் விடுவதுமாக முதலும் கடைசியும் ஆடலாம், நடுவில் இருப்பது பெரும்பாலும் தப்பிக்கும்.

பிக்சல்பித்தன்:
சரி சரி, எல்லாரும் சேர்ந்து கிட் லென்ஸுக்கு வக்காலத்து வாங்குறீங்க. அப்ப ஒண்ணு கேக்குறேன். எஃப் 22 வச்சுட்டா முன்னாடி பின்னாடி எல்லாமே ஃபோகஸ்ல வந்துடுமே? பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் எடுத்தாங்க. ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் 1932ல ஆரம்பிச்ச குழுவுக்கே எஃப் 64னுதான் பேரு. ஷார்ப்னா அவங்க ஷார்ப். நாம 22க்கே பயப்படுறோம்.

ஒளிவட்டம்:
பித்தன், நல்ல கேள்வி. ஆனா அந்தப் பேரை வச்சு நம்ம கேமராவுக்கு முடிவு கட்டக் கூடாது.

துளை சின்னதாக ஆக ஒளி அதோட விளிம்புல வளைஞ்சு பரவும். புள்ளி புள்ளியா விழாம சின்ன வட்டமா விழும். 1835ல ஜார்ஜ் ஏரிங்கிறவர் இதுக்குக் கணக்குப் போட்டதால ஏரி வட்டம்னு பேர். (தண்ணி நிக்கிற ஏரி இல்ல, அந்த மனுஷரோட பேர்.) பச்சை ஒளிக்கு எஃப் 8ல அந்த வட்டத்தோட விட்டம் ஏறக்குறைய 10.7 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு). எஃப் 22ல 29.5 மைக்ரான். புதுக்கண்ணோட சென்சார்ல ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான். அதாவது எஃப் 8ல ஒரு புள்ளி மூணு பிக்சலுக்குள்ள அடங்கிடுது, எஃப் 22ல ஏழரை பிக்சலுக்குப் பரவுது. ஏழரைன்னு சும்மாவா சொன்னாங்க!

வட்டத்தோட நடுவுலதான் வெளிச்சம் அதிகம், அதனால அந்த எண் சொல்ற அளவுக்கு நேர்ல மோசமா தெரியாது. ஆனாலும் எஃப் 22 படத்தையும் எஃப் 8 படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா யாரும் சொல்லாமலே தெரியும்.

இப்ப எஃப் 64. அவங்க கையில இருந்தது 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடுற பெரிய கேமராக்கள். 10 அங்குலம் 254 மி.மீ. நம்ம சென்சாரோட அகலம் 23.5 மி.மீ. கிட்டத்தட்ட 11 மடங்கு. 64ஐ 11ஆல வகுத்துப் பாருங்க, ஆறுக்குக் கொஞ்சம் கம்மி. அவங்க எஃப் 64ல எடுத்த படத்துல இருக்கிற ஆழமும் (முன்னாடி பின்னாடி ஃபோகஸ்ல இருக்கிற தூரம்) மங்கலும் நமக்கு ஏறக்குறைய எஃப் 6லயே கிடைச்சிடுது. அதுக்கு மேல அந்த நெகட்டிவை அவங்க பல நேரம் பெருசாக்கவே இல்ல, தாள் மேல அப்படியே வச்சு அச்செடுத்தாங்க.

கிட் லென்ஸுக்கு எஃப் 8 நல்ல இடம். ஆழம் நிஜமாவே வேணும்னா 11, போனாப் போகுது 16. பூச்சியை நெருக்கத்துல எடுக்கிறவங்க தெரிஞ்சேதான் 16க்குப் போவாங்க, அது வேற கணக்கு.

பிக்சல்பித்தன்:
எஃப் 22 வாபஸ். கிட் லென்ஸ் பத்தின கருத்து வாபஸ் இல்ல.

ஒளிவட்டம்:
பாட்டி படத்துக்கு வர்றேன். கொசைன்னு நிழல்தேடி பயப்படுற அளவுக்கு ஒண்ணுமில்ல.

50 மி.மீ., எஃப் 1.8, ஒரு மீட்டர் தூரம், ஏபிஎஸ்-சி சென்சார். ஃபோகஸ்ல இருக்கிற ஆழம் மொத்தமே மூணு செ.மீ. கண்ணுக்கு முன்னாடி ஒண்ணரை, பின்னாடி ஒண்ணரை. இப்ப நீங்க கண்ணுல பூட்டிட்டுக் கேமராவைத் திருப்புறீங்க. ஃபோகஸ் தளம் சுவர் மாதிரி லென்ஸுக்கு நேரா நிக்குது, கேமரா திரும்பினா அந்தச் சுவரும் கூடவே திரும்பும். முகத்தைப் படத்தோட ஓரத்துக்குக் கொண்டுபோக 13 டிகிரி திருப்பணும். அப்ப அந்தச் சுவர் கண்ணை விட்டு 2.6 செ.மீ. பின்னாடி போயிடும். உங்ககிட்ட இருக்கிறதே ஒண்ணரை. அதனாலதான் கண்ணு மங்கி காது வந்துச்சு.

இதுக்கு வழி, நடுப் புள்ளியை விட்டுட்டுக் கண்ணு எங்க வரணுமோ அந்தப் புள்ளியையே தேர்ந்தெடுக்கிறது. உங்க மாதிரி கேமராவுல ஓரப் புள்ளிகள் வெளிச்சம் குறைஞ்சா கொஞ்சம் தடுமாறும், ஜன்னல் பக்கம் உக்கார வச்சு எடுங்க. இல்லன்னா கொஞ்சம் தளர்வா எடுத்து அப்புறம் வெட்டிக்கலாம், 24 மெகாபிக்சல்ல அதுக்கு இடம் இருக்கு. எஃப் 2.8 வச்சா ஆழம் நாலரை செ.மீ. ஆகும்.

இன்னொண்ணு, பூட்டினதுக்கப்புறம் நீங்க முன்ன பின்ன சாயக் கூடாது. நின்னுக்கிட்டு எடுக்கிறவர் தன்னை அறியாமலே ரெண்டு செ.மீ. ஆடுவார். அதனால பூட்டுறதுக்கும் எடுக்கிறதுக்கும் நடுவுல நேரம் விடாதீங்க, இல்ல தொடர் ஃபோகஸ்ல வச்சுக்கோங்க.

வானம்பாடி:
நடுவுல புகுறதுக்கு மன்னிக்கணும். தூரத்து மலையையும் சமவெளிக்கு அந்தப் பக்கம் மேயுற மானையும் 400 மி.மீ.ல எடுக்கிறேன். ஷட்டர் 1/2000, டிரைபாட், எல்லாம் சரி. ஆனாலும் விளிம்பெல்லாம் நெளியுது. மத்தியானம் எடுத்தது.

நிழல்தேடி:
சூடான தரைக்கு மேல காத்து அலையுது, அது வழியா பாக்குறீங்க. எந்த சாமானும் அதைத் தீர்க்காது. விடியக்காலைல போங்க, இல்ல மானுக்குப் பக்கத்துல போங்க.

புதுக்கண்:
ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நிறைய சேதி இருக்கு.

முதல்ல அவமானத்தை ஒத்துக்கிறேன். 70-300 பக்கவாட்டு சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சு! டிரைபாட்ல வைக்கும்போது அணைக்கணும்னு எங்கயோ படிச்சு, வாங்கின புதுசுல அணைச்சேன். அப்புறம் ஆன் பண்ணவே இல்ல. ஏழு மாசம்!

ஆட்டோ மோடை விட்டுட்டேன். ஷட்டர் 1/800, ஐஎஸ்ஓவை கேமராவே தேர்ந்தெடுக்கட்டும்னு விட்டேன். மீன்கொத்தி திரும்பக் கிடைக்கல, ஒரு நீர்க்காகம் சிறகு விரிச்சுக் காயப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஐஎஸ்ஓ 1600 போயிடுச்சு, மண்ணைத் தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு. இறகோட வரி தெரியுதா புள்ளி தெரியுதான்னு குழப்பம்.

ஊஞ்சல்ல திரும்புற இடம் கிடைச்சுது! பதினாறு எடுத்து ரெண்டு தேறுச்சு. அந்த ரெண்டும் போதும்.

ஆனா ஒரு புதிர். வீட்டுச் சுவர்ல செய்தித்தாள் ஒட்டி, டிரைபாட் போட்டு 300ல எடுத்தேன். 1/20, எஃப் 8. அசையாத சுவர், அசையாத டிரைபாட். எழுத்து இன்னும் மெத்து மெத்துனு இருக்கு. இதுக்குமா என் மேல பழி?

நிழல்தேடி:
புள்ளியைப் பத்திக் கவலைப்படாதீங்க. நாய்ஸ் இருக்கிற ஷார்ப் படத்தைச் சரி பண்ணலாம், நாய்ஸ் இல்லாத ஆடின படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு இதுல ரெண்டாவது எண்ணமே கிடையாது. ஐஎஸ்ஓ ஏறட்டும். ரா கோப்பா எடுங்க, அதுல சென்சார் பாத்தது துடைக்காம அப்படியே இருக்கும். ஜேபெக்ல எடுத்தா கேமராவே புள்ளியைத் துடைக்கிறேன்னு இறகையும் சேர்த்துத் துடைச்சிடும். ஜேபெக்தான்னா மெனுவுல நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறைச்சு வைங்க.

டிரைபாட் விஷயத்துக்கு மூன்றுகால் வரணும். ஆளைக் கூப்பிட்டிருக்கேன்.

மூன்றுகால்:
வந்துட்டேன். பேரே அதானே.

1/20ங்கிறது ஆகாத வேகம். டிஎஸ்எல்ஆர் உள்ள வ்யூஃபைண்டருக்கு ஒளியைத் திருப்புற கண்ணாடி, படம் எடுக்கும்போது மேல போய் அடிக்கும், அப்ப கேமரா முழுக்க ஒரு அதிர்வு வரும். 1/1000ல எடுத்தா அந்த அதிர்வு பெருசா தெரியாது. பத்து நொடி திறந்து வச்சா அதிர்வு ஒரு சின்ன பங்குதான், அதுலயும் தெரியாது. 1/60ல இருந்து ஒரு நொடி வரைக்கும் இருக்கிற இடத்துலதான் அது பூரா படத்துலயும் உக்காரும். 300 மி.மீ.னா கேக்கவே வேணாம். லைவ் வியூல, அதாவது பின்பக்கத் திரையில பாத்து எடுங்க, கண்ணாடி முன்னாடியே மேல போயிருக்கும். பட்டனை விரலால அமுக்காதீங்க, ரெண்டு நொடி டைமர் போதும், ரிமோட் எல்லாம் வேணாம்.

நடுத்தண்டைத் தூக்கினீங்களா? தூக்கியிருந்தா அது டிரைபாட் இல்ல, குச்சி மேல கேமரா. உயரம் வேணும்னா காலை நீட்டுங்க, தடிச்ச காலை முதல்ல. கழுத்துப் பட்டையைச் சுருட்டி வைங்க, காத்துல படபடன்னு அடிச்சா அதுவே ஆட்டிடும். ஸ்டெபிலைசரைத் திரும்ப ஆன் பண்ணின சந்தோஷத்துல டிரைபாட்லயும் ஆன்லயே விட்டீங்களா? பழைய லென்ஸ் சிலது ஆடாத இடத்துல ஆட்டத்தைத் தேடிக்கிட்டுத் தானே ஆடும். புதுசு பலதும் டிரைபாட்னு கண்டுபிடிச்சு அடங்கிடும். உங்களது எந்த ரகம்னு ரெண்டு விதமாவும் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்.

இவ்வளவும் பண்ணியும் எழுத்து தெளியலன்னா, லென்ஸுக்கு முன்னாடி என்ன மாட்டியிருக்கீங்க?

புதுக்கண்:
நடுத்தண்டு: முழுசா தூக்கியிருந்தேன். விரல்: ஆமா. ஸ்டெபிலைசர்: ஆன். நாலுல மூணு தப்பு. எல்லாத்தையும் திருத்தி எடுத்தேன், முக்கால்வாசி தெளிஞ்சுது.

மிச்சம் கால்வாசி நீங்க கடைசியா கேட்டதுதான். லென்ஸ் வாங்கும்போது பாதுகாப்புக்குன்னு ஒரு யுவி ஃபில்டரைச் சேர்த்து மாட்டிக் கொடுத்தாங்க. கழட்டிட்டு எடுத்தேன். பொடி எழுத்தெல்லாம் எழுந்து நின்னுச்சு. நம்பாம திரும்ப மாட்டி எடுத்தேன், மங்கல். கழட்டினேன், தெளிவு. அஞ்சு தடவை மாத்தி மாத்திப் பாத்துட்டேன்.

மூன்றுகால்:
நீள லென்ஸ்லதான் மட்டமான ஃபில்டர் தன் குணத்தைக் காட்டும். 18 மி.மீ.ல அதே கண்ணாடியை மாட்டினா வித்தியாசம் தேடித்தான் பாக்கணும், 300ல அது பூதக்கண்ணாடி வச்ச மாதிரி ஆயிடும்.

இருட்டறை:
பாதுகாப்புக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் என்ற வளையம் போதும் தம்பி. இடிபட்டால் அது தாங்கும், பக்கவாட்டு வெளிச்சத்தையும் தடுக்கும். கடலோரம், மணல் காற்று, இந்த மாதிரி இடங்களில் மட்டும் நல்ல ஃபில்டராக ஒன்று மாட்டிக்கொள்ளும். அப்படியே லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியையும் ஒரு தரம் வெளிச்சத்தில் பார்த்துவிடும். முன்பக்கத் தூசி ஒன்றும் செய்யாது. பின்பக்கத்தில் விரல் ரேகை இருந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போலிருக்கும்.

வானம்பாடி:
இவ்வளவு எதுக்கு, எடிட்டிங்ல ஷார்ப்பன் ஸ்லைடரை 100க்குத் தள்ளிட்டா முடிஞ்சுதே?

ஒளிவட்டம்:
தள்ளிப் பாருங்க. விளிம்புல வெள்ளைக் கோடு ஓடும், தோல் மணல்தாள் மாதிரி ஆகும். ஸ்லைடர் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. இருக்கிற விளிம்புல கருப்புப் பக்கத்தை இன்னும் கருப்பாக்கி, வெள்ளைப் பக்கத்தை இன்னும் வெள்ளையாக்கும். கண்ணு அதைத் தெளிவுன்னு எடுத்துக்கும்.

அதுக்காக ஷார்ப்பனே வேணாம்னு சொல்லல. ரா கோப்புக்குக் கொஞ்சம் கட்டாயம் வேணும். சென்சார்ல ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பாக்குது: பாதி பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். கோடாக்ல இருந்த பிரைஸ் பேயர் 1976ல காப்புரிமை வாங்கின அமைப்பு இது. மிச்ச ரெண்டு நிறத்தை மென்பொருள் பக்கத்து பிக்சலைப் பாத்து ஊகிக்குது. அந்த ஊகத்துலயே கொஞ்சம் மென்மை வந்துடும். ஜேபெக்ல கேமரா உள்ளேயே அதுக்கு மருந்து போட்டுடும், ரால நீங்க போடணும். ரேடியஸை (விளிம்புல எவ்வளவு அகலத்துக்கு) 1க்குள்ள வைங்க, மாஸ்க்கிங்கை (எங்கெங்க வேணாம்ங்கிறது) ஏத்தி வானத்தையும் கன்னத்தையும் விட்டுடுங்க. கடைசியில படத்தைச் சின்னதாக்கினதுக்கு அப்புறம் இன்னொரு சிட்டிகை.

இருட்டறை:
"அன்ஷார்ப் மாஸ்க்" என்ற பெயரைப் பார்த்து மங்கலாக்கும் கருவி என்று நினைத்தவர்கள் உண்டு. அது இருட்டறையிலிருந்து வந்த பெயர். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக, மெலிசாக ஒரு பாசிட்டிவ் எடுப்போம். இரண்டையும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அச்சிட்டால் விளிம்புகள் துலங்கும். ஒரு படத்துக்கு ஒரு நாள் போய்விடும். நீங்கள் ஸ்லைடரைத் தள்ளிவிட்டு இரண்டு வினாடி காத்திருக்க முடியாமல் சலித்துக்கொள்கிறீர்கள்.

வானம்பாடி:
ஆனா இப்ப ஆட்டத்தையே பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் திருத்துற மென்பொருள் இருக்கே?

ஒளிவட்டம்:
இருக்கு, கொஞ்சம் வேலையும் செய்யும். 1990ல ஹப்பிள் தொலைநோக்கியை மேல அனுப்பினப்புறம்தான் அதோட பெரிய கண்ணாடியில வளைவு தப்புன்னு தெரிஞ்சுது, ஓரத்துல ரெண்டு மைக்ரானுக்குச் சொச்சம். அப்ப இந்த மாதிரி பின்கணக்கை வச்சுத்தான் படங்களைத் தேத்தினாங்க. அங்க எந்த மாதிரி மங்கல்னு துல்லியமா தெரியும், அதனால கணக்கு ஓரளவு பலிச்சுது. அப்படியும் 1993 டிசம்பர்ல ஆளுங்களை அனுப்பித் திருத்தக் கண்ணாடி மாட்டிட்டுத்தான் வந்தாங்க. உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்ல, ஷட்டரை ஏத்தினா போதும்.

பிக்சல்பித்தன்:
என் பங்குக்கு ஒரு உருப்படியான விஷயம் சொல்லிட்டுப் போறேன். 100 சதவீதத்துல பாத்து மனசு விட்டுப் போறவங்களுக்கு. 24 மெகாபிக்சல்னா 6000க்கு 4000. சாதாரண மானிட்டர்ல ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல்னு வைங்க. 100 சதவீதத்துல அந்தப் படம் அஞ்சடிக்கு மேல அகலம். அஞ்சடிப் படத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்னு மூக்கை வச்சுப் பாக்குறீங்க. கோளாறு கண்டுபிடிக்க அப்படிப் பாருங்க. படம் நல்லாருக்கான்னு பாக்க அப்படிப் பாக்காதீங்க.

நிழல்தேடி:
பித்தனோட பேருக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தமே இல்ல. வழிமொழியுறேன்.

புதுக்கண்:
கடைசியா ஒண்ணு பாக்கி இருக்கு.

பாட்டியைத் திரும்ப எடுத்தேன். ஜன்னல் பக்கம், ஓரப் புள்ளியைக் கண்ணுலயே வச்சு, கேமராவைத் திருப்பாம, எஃப் 1.8. அப்பவும் கண்ணு கொஞ்சம் மங்கல். பன்னிரண்டு எடுத்தேன், பத்துல கண்ணுக்குப் பின்னாடிதான் ஃபோகஸ். லைவ் வியூல எடுத்த நாலுலயும் இமை முடி எண்ணலாம். இதுக்கு என்ன அர்த்தம்?

ஒளிவட்டம்:
எப்பவும் ஒரே பக்கமா தவறுதா? அப்ப அது உங்க கை இல்ல. வ்யூஃபைண்டர்ல பாத்து எடுக்கும்போது ஃபோகஸ் பாக்குறது படம் பதியுற சென்சார் இல்ல. கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கு, அது ஒளியைக் கீழ தள்ளி, அடியில இருக்கிற தனி ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புது. அந்தப் பாதையோட நீளமும் படம் பதியுற பாதையோட நீளமும் மயிரிழை மாறினாலும் முன்னாடியோ பின்னாடியோ விழும். லைவ் வியூல பதியுற சென்சாரே பாத்துச் சொல்றதால அந்தத் தகராறு இல்ல. எஃப் 5.6 கிட் லென்ஸ்ல இது ஆழத்துக்குள்ள மறைஞ்சிடும், எஃப் 1.8ல மறைய இடமில்ல.

ஒரு தரம் ஒழுங்கா சோதிச்சிடுங்க. டிரைபாட், லென்ஸுக்கு நேரா ஒரு தட்டையான அட்டை, பக்கத்துல சாய்வா ஒரு ஸ்கேல். ஃபோகஸ் அட்டை மேல. ஸ்கேல் மேலயே ஃபோகஸ் வைக்காதீங்க. புள்ளியோட கட்டம் சின்னதா தெரிஞ்சாலும் சென்சார் அதைவிடப் பெருசா பாக்கும், சாய்வுல எதைப் பிடிச்சுதுன்னு தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைச்சிட்டுத் திரும்பப் பிடிங்க. பத்து படம். அப்புறம் மெனுவுல ஏஎஃப் ஃபைன் ட்யூன்னு, ஃபோகஸைக் கொஞ்சம் முன்ன பின்ன தள்ளித் திருத்துற வசதி இருக்கான்னு பாருங்க.

புதுக்கண்:
பண்ணிட்டேன் அக்கா. பத்துல ஒன்பது ஒண்ணரை செ.மீ. பின்னாடி. மெனுவை மூணு தடவை அலசிட்டேன், என் கேமராவுல ஃபைன் ட்யூன் இல்ல. 18-55லயும் 70-300லயும் அதே சோதனை, ரெண்டும் சரியா வருது. 50 மட்டும்தான். உத்தரவாதம் இருக்கு, கேமராவையும் அந்த லென்ஸையும் சேர்த்துச் சர்வீஸுக்குக் கொடுத்து ஒண்ணுக்கொண்ணு சரி பண்ணச் சொல்லப் போறேன். அதுவரைக்கும் பாட்டி லைவ் வியூலதான்.

பிக்சல்பித்தன்:
ஆக, லென்ஸ்ல கோளாறு இருந்துச்சு! நான் முதல் நாளே சொன்னேன்.

நிழல்தேடி:
நீங்க சொன்னது கிட் லென்ஸை.